ஒத்திகை இல்லாமல் ஐந்து பேர்

பெரிய கலைஞர்களை ஒத்திகை எதுவும் இல்லாமல் ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் அற்புதம் தானாக நடக்கும் என்று ஜாஸ் உலகில் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்குச் சாட்சியாக அடிக்கடி காட்டப்படுவது 1953 மே 15 அன்று கனடாவின் டொரொன்டோ நகரில், மாஸி ஹாலில் நடந்த கச்சேரி. சாக்ஸபோனில் சார்லி பார்க்கர், ட்ரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோவில் பட் பவல், பேஸில் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸில் மாக்ஸ் ரோச். பீபாப் என்ற ஜாஸ் பாணியை உருவாக்கியவர்களும் அதில் ஊறியவர்களும். இந்த ஐவரும் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவு இது ஒன்றுதான்.

கச்சேரியின் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு இதைச் சாட்சியாக்குவதை ஏற்க முடியவில்லை.

அன்றைய சூழ்நிலையில் எதுவுமே சாதகமாக இல்லை. அதே இரவு சிகாகோவில் ராக்கி மார்சியானோவுக்கும் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கும் குத்துச்சண்டை. அரங்கில் ஏராளமான இருக்கைகள் காலி. நடத்தியவர்கள் உள்ளூர் ஜாஸ் ரசிகர்கள். பேசிய சம்பளத்தை முழுதாகக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். பவல் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து அதிக காலம் ஆகவில்லை. கில்லெஸ்பியின் மனம் பாதி குத்துச்சண்டையில் இருந்தது. அதுவோ முதல் சுற்றிலேயே முடிந்துபோனது.

இத்தனைக்கும் நடுவில் இசை எப்படி நின்றது? பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஐவரும் சேர்ந்து வாசித்தவற்றில் 'சால்ட் பீனட்ஸ்', 'ஹாட் ஹவுஸ்', 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' மூன்றையும் பார்க்கரும் கில்லெஸ்பியும் 1945-லேயே சேர்ந்து பதிவு செய்திருந்தார்கள். 'சால்ட் பீனட்ஸ்', அன்று வாசித்த இன்னொரு பாட்டான 'வீ' இரண்டுமே இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 1930-ஆம் ஆண்டுப் பாடலான 'ஐ காட் ரிதம்' என்பதன் கார்ட் வரிசை மேல் கட்டப்பட்டவை. எட்டு எட்டாக 32 பார்கள் (தாள அளவுகள்) கொண்ட அந்தச் சுற்று பீபாப் கலைஞனுக்குத் தூக்கத்திலும் தப்பாது. பார்க்கர், பவல், ரோச் மூவரும் 1947-இல் ஒன்றாக ஒலிப்பதிவு செய்தவர்கள். மிங்கஸ் மட்டும் இந்த வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வந்தவர். ஆக, ஒத்திகை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க் கிளப்புகளில் நடந்து முடிந்திருந்தது. டொரொன்டோவில் அவர்கள் செலவழித்தது பழைய சேமிப்பை.

அந்தச் சேமிப்பு எவ்வளவு பெரியது என்று 'சால்ட் பீனட்ஸ்' காட்டுகிறது. பார்க்கர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கில்லெஸ்பி குறுக்கே கத்துகிறார். வேறொருவராக இருந்தால் இடறியிருப்பார். பார்க்கரோ அந்தச் சத்தத்தையே உந்துதலாக்கி இன்னும் கூர்மையாகப் பாய்கிறார். எரிச்சலும் போட்டியும் இசையாக மாறும் இந்தத் தருணத்தை எந்த ஒத்திகையாலும் தயாரித்துத் தர முடியாது. ஒத்திகையற்ற கச்சேரியின் உண்மையான பலம் இதுதான்: தெரிந்த வடிவத்துக்குள் தெரியாத ஆபத்து.

பலவீனமும் அதே வடிவத்தில்தான் இருக்கிறது. யாரும் எதையும் திட்டமிடாதபோது எல்லோரும் பாதுகாப்பான ஒழுங்குக்குப் போய்விடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து மெட்டு, பிறகு சாக்ஸபோன் சோலோ, ட்ரம்பெட் சோலோ, பியானோ சோலோ, மறுபடி மெட்டு. அடுத்த பாட்டிலும் ஏறக்குறைய அதே வரிசை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு சோலோவும் மிரட்டுகிறது; முழு இசைத்தட்டையும் ஒரே அமர்வில் கேட்டால் நான்காவது பாட்டில் அலுப்பு தட்டுகிறது. பவலும் மிங்கஸும் ரோச்சும் மூவராக மட்டும் வாசித்த பகுதியில் அந்த அலுப்பு இல்லை. ஐவர் மேடையில் இருந்ததைவிட மூவர் இருந்தபோதுதான் உரையாடல் அதிகம் நடந்தது என்பேன். பார்க்கர் பக்தர்கள் என்னை மன்னிக்கட்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தப் பதிவில் பேஸ் சரியாகக் கேட்கவில்லை என்று மிங்கஸ் பின்னர் தன் பகுதியை மறுபடி வாசித்துச் சேர்த்தார். அவரும் ரோச்சும் நடத்திய டெப்யூ நிறுவனம் வெளியிட்ட தட்டில் ஒப்பந்தச் சிக்கலால் பார்க்கரின் பெயர்கூட 'சார்லி சான்' என்று மாறியது. தன்னிச்சையின் சிகரமாகக் கொண்டாடப்படும் பதிவில் ஒரு வாத்தியம் பின்னர் திருத்தப்பட்டது என்பதைக் கொண்டாடுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இத்தகைய நட்சத்திரக் கூட்டங்களைத் தொழிலாகவே மாற்றியவர் நார்மன் கிரான்ஸ். 1944 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய அவருடைய 'ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மானிக்' கச்சேரிகளில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. கலைஞர்களுக்கு நல்ல சம்பளம். சமூக நோக்கில் அது பெரிய காரியம். இசை நோக்கில் பார்த்தால், கைத்தட்டலுக்காக இரண்டு சாக்ஸபோன்கள் மாறி மாறி அலறும் பழக்கத்தை வளர்த்ததில் அதற்கும் பங்கு உண்டு.

எதிர்த்தட்டில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவை வைத்துப் பாருங்கள். வேய்ன் ஷார்ட்டர் 1964-இல் வந்து சேர்ந்த பிறகு, ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் ஆகியோரோடு அமைந்த குழு அது. 1965 டிசம்பரில் சிகாகோவின் 'பிளக்டு நிக்கல்' கிளப்பில் வாசித்தபோது, எதிர்பார்க்கப்படுவதைச் செய்யக் கூடாது என்று வில்லியம்ஸ் யோசனை சொன்னதாக ஹான்காக் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பாடல்களை அவர்கள் அங்கே பிரித்துப் போட்டார்கள். வேகம் நடுவழியில் மாறுகிறது, டிரம்ஸ் திடீரென்று நின்றுவிடுகிறது, ஆனாலும் யாரும் தொலைந்துபோகவில்லை. பாதை இல்லாத இடத்துக்குப் போகும் துணிச்சல், ஒருவரின் மௌனம்கூட மற்றவருக்குப் பழக்கமானதால் வந்தது.

ஜாஸ் விழாக்களில் இன்றும் நட்சத்திரப் பெயர்களை அடுக்கி, முந்தைய நாள் விமானத்தில் வரவழைத்து மேடையேற்றுகிறார்கள். நல்ல சோலோக்கள் கிடைக்கும், அது உறுதி. குழுவாக இணைந்த இசை வேண்டுமென்றால், அழைப்பவர்கள் ஒரு பெயரைக் குறைத்துவிட்டு அந்தச் செலவில் மற்றவர்களுக்கு இரண்டு நாள் சேர்ந்து வாசிக்க இடம் கொடுக்கலாம்.