எதன் பக்கத்தில் எது?

என் நண்பர் ஒருவரின் பெண் அமெரிக்காவில் கலைப் படிப்புப் படிக்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஒரு கலை மியூஸியத்தில், கண்காட்சி அமைக்கும் பிரிவில் பத்து வாரம் பயிற்சி பெற்றாள். ஊருக்கு வந்திருந்தபோது, "அங்கே என்ன அம்மா வேலை?" என்று கேட்டேன்.

"அட்டை வெட்டினேன், மாமா" என்றாள்.

"அட்டை வெட்டவா கடல் தாண்டிப் போனாய்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அறை முழுவதையும் அட்டையில் செய்ய வேண்டுமாம். படங்களையும் சிலைகளையும் அதே கணக்கில் சின்னதாக வெட்டி, அந்தப் பொம்மை அறைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். இது இங்கே இருந்தால் எப்படி, அது அங்கே போனால் எப்படி என்று நாள் கணக்கில் நகர்த்திக்கொண்டே இருப்பார்களாம்.

எனக்கு இது அதிகப்படியாகப் பட்டது. "படத்தை எழுதினவன் ஒருவன் இருக்கிறான். அதை ஆணியில் மாட்டுகிறவனுக்கு இவ்வளவு யோசனை எதற்கு? நல்ல படம் எங்கே மாட்டினாலும் நல்ல படம்தானே?" என்றேன்.

அந்த அபிப்பிராயத்தை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உண்மையில் எனக்கே இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் கதை ஒன்று வந்தது. ஒரு தாயின் மரணத்தோடு முடிகிற கதை. அதன் கடைசிப் பாராவுக்கு எதிர்ப் பக்கத்தில், கூந்தல் தைலத்துக்காக ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கதையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் அது வேறு கதையாகிவிட்டது. எதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பதும் ஒரு வாக்கியம்தான். அதை எழுதுகிறவர் வேறு ஒருவர், அவ்வளவே வித்தியாசம்.

இந்த வாக்கியத்தை எவ்வளவு கொடூரமாக எழுத முடியும் என்பதற்கு 1937-ல் ம்யூனிக் நகரம் சாட்சி. அந்த வருஷம் ஜூலை மாதத்தில், ஒரு நாள் இடைவெளியில், அங்கே இரண்டு கண்காட்சிகள் திறக்கப்பட்டன. ஒன்று நாஜி அரசு மெச்சிய கலைக்கு. அதற்கென்றே கட்டிய புது மாளிகை, விசாலமான கூடங்கள், ஒவ்வொரு சிற்பத்தைச் சுற்றியும் தாராளமான இடம். மற்றொன்று 'சீரழிந்த கலை' என்று அவர்களே பட்டம் சூட்டிய நவீன ஓவியங்களுக்கு. ஜெர்மன் மியூஸியங்களிலிருந்து பறித்துவந்த 650 படைப்புகளைக் குறுகலான அறைகளில் நெருக்கி அடைத்தார்கள். சுவரிலேயே கேலி வாசகங்களை எழுதினார்கள். பொதுப் பணத்தில் இன்ன விலைக்கு வாங்கியது என்று படத்தின் அருகே குறித்தார்கள். ம்யூனிக்கில் மட்டும் இருபது லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். நோல்டேயும் கிர்ஷ்னரும் எழுதிய படங்களில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாட்டிய விதமே குற்றப் பத்திரிகையாகிவிட்டது.

'அது அயோக்கியர்கள் செய்த வேலை. யோக்கியர்கள் படத்தை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்' என்று வாசகர் சொல்லலாம். நானும் அதைத்தான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஒதுங்க முடியாது, மாமா" என்றாள். வெள்ளைச் சுவர், நடுவில் ஒரே படம், மேலே ஒரு விளக்கு என்று வைத்தாலும் அது ஓர் அபிப்பிராயம்தானாம். இந்தப் பொருளுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, காலம் இல்லை, தனியாகப் பார் என்று அந்த வெள்ளைச் சுவர் சொல்கிறது. பிரையன் ஓடொஹர்ட்டி என்ற கலைஞர் 1976-ல் எழுதிய கட்டுரைகளில் இந்த வெள்ளை அறையின் அதிகாரத்தைத்தான் தோலுரித்துக் காட்டினார்.

அந்த அதிகாரத்தோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. பிரேஸிலில் ஸாவோ பாவ்லோ கலை மியூஸியத்தின் கட்டடத்தை அமைத்தவர் லீனா போ பார்தி என்ற பெண்மணி. 1968-ல் அது திறந்தபோது, படங்களை அவர் சுவரில் மாட்டவில்லை. கான்கிரீட் கட்டைகளில் கண்ணாடிப் பலகைகளை நிறுத்தி, அவற்றில் பொருத்தினார். ஒரே பெரிய கூடத்தில் படங்கள் ஜனக்கூட்டம்போல் நின்றன. எழுதியவர் பெயரும் விவரமும் படத்தின் பின்புறத்தில். முதலில் படத்தைப் பார். பெயர் வேண்டுமானால் சுற்றிக்கொண்டு போ என்பது அவர் கட்சி. 1996-ல் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். 2015-ல் அதே மாதிரியான கண்ணாடிப் பலகைகள் திரும்பி வந்தன. பெயரைப் பார்த்துவிட்டுப் படத்தை மெச்சுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கூடம் நல்ல பரீட்சை.

இனி அந்தப் பெண்ணின் அட்டை அறைக்கு வருகிறேன். அவளிடம் கொடுத்த வேலைகளில் ஒன்று, தென்னாட்டுச் செப்புத் திருமேனிகள் நாலைந்தை ஓர் அறையில் அமைப்பது. அவள் ஒரு பார்வதியைச் சுவரோரமாக வைத்தாள். கோயிலில் நாம் எதிரே நின்று கும்பிடுகிறோம் அல்லவா? பிரிவின் தலைவர் வந்து அந்த அட்டைச் சிலையை எடுத்து அறை நடுவில் வைத்தார். முதுகைப் பார்க்க வேண்டும் என்றாராம். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஸ்தபதி முதுகையும் அதே சிரத்தையோடுதான் செய்திருக்கிறார். பின்னல், முடிச்சு, இடுப்பின் வளைவு எல்லாம் இருக்கின்றன. பட்டும் மாலையும் சாத்திய பிறகு நம் கண்ணுக்குத் தெரியாமல் போனவை அவை.

மறு வாரம் அவள் வேறொரு யோசனை சொன்னாள். பீடத்தில் இருக்கும் துவாரங்கள் பார்வையாளர் கண்ணில் படும்படி சிலையைச் சற்று உயர்த்த வேண்டும் என்றாள். "அந்தத் துவாரங்கள் எதற்கு?" என்று கேட்டார்கள். "தண்டு செருகித் தூக்கிக்கொண்டு போக. இது நிற்கிற சிலை இல்லை, வீதிக்கு வருகிற தெய்வம்" என்றாள். பீடம் உயர்ந்தது. விளக்கச் சீட்டுக்கு அவள் எழுதிய இருநூறு வார்த்தைகளை வெட்டி அறுபதாக்கினார்களாம். அதில் 'வீதி' என்ற சொல்லை மட்டும் விடாமல் காப்பாற்றிவிட்டாள்.

கோயிலிலிருந்து பிரிந்த சிலைக்கு மியூஸியத்தில் உயிர் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. முழுக்க ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ரோடான் என்ற பிரெஞ்சுச் சிற்பி சென்னை மியூஸியத்து நடராஜரைப் பற்றி 1913-ல் எழுதினார். அவர் காலமானபின் 1921-ல் அது அச்சாயிற்று. அவர் சென்னைக்கு வந்ததில்லை. புகைப்படங்களைத்தான் பார்த்தார். தீபாராதனை இல்லை, நாதஸ்வரம் இல்லை. ஆனாலும் ஒரு சிற்பி இன்னொரு சிற்பியை அடையாளம் கண்டுகொண்டார். அலங்காரத்துக்குள் நாம் காணாத உடலை அவர் கண்டார். நாம் கண்ட புறப்பாட்டை அவர் காணவில்லை. இரண்டு நஷ்டங்களும் உண்மை. முதுகையும் துவாரத்தையும் சேர்த்துக் காட்டிய அந்த அறை இரண்டையும் கொஞ்சம் ஈடுசெய்தது என்பதுதான் என் மதிப்பீடு.

ஆனால் அந்தத் துவாரத்தைப் பற்றிச் சொல்ல அங்கே ஒருத்தி இருக்க வேண்டியிருந்ததே! இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்கு வெகுகாலம் சம்பளம் கிடையாது. கோடை முழுவதும் சொந்தச் செலவில் சாப்பிட முடிந்தவர்கள் மட்டுமே உள்ளே போக முடியும். பிறகு அவர்களிலிருந்துதான் எதன் பக்கத்தில் எது என்று தீர்மானிப்பவர்கள் வருவார்கள். 2019-ல்தான் அந்நாட்டுக் கலை மியூஸிய இயக்குநர்களின் சங்கம், பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று தீர்மானம் போட்டது. இதைத் தர்ம காரியமாக மட்டும் நான் நினைக்கவில்லை. ரஸனையைப் பற்றிய விஷயமும்கூட. பீடத்து ஓட்டையைத் தேர்த் தெருவில் பார்த்தவர் உள்ளே இல்லாவிட்டால், அது வெறும் ஓட்டைதான்.

நல்ல கண்காட்சிக்கு என்ன லட்சணம்? என் அளவில் ஒன்றே ஒன்றுதான். சீட்டைப் படித்துவிட்டு, அறையைச் சுற்றிவிட்டு, மறுபடி அந்தப் பொருளிடமே போய் நிற்கத் தோன்ற வேண்டும். விளக்கையும் மேடையையும் வியந்துகொண்டு வெளியே வந்தால், அமைத்தவர் தோற்றுவிட்டார். விமரிசகனுக்கும் இதே அளவுகோல்தான் என்பது எனக்குச் சற்று சங்கடமான விஷயம்.

விடைபெறும்போது, "அடுத்த கோடையிலும் அட்டைதானா?" என்று கேட்டேன்.

"ஆமாம், மாமா. உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியைக்கூட மாற்றி அடுக்கலாம்" என்றாள்.

அவள் போனபின் அலமாரியைப் பார்த்தேன். என் புத்தகங்களெல்லாம் கண்ணுக்கு நேரான தட்டில் இருந்தன. எப்போது அங்கே வைத்தேன் என்று நினைவில்லை.