கழுங்குக் கல்லின் இடுக்கு

பி.எட். இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சி முடிந்துவிட்டது. பாடக்குறிப்பு நோட்டில் இருக்கும் இரண்டு தாள்களை மட்டும் எடுத்து வைக்க மனம் வரவில்லை. இரண்டுமே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலில் வரைந்தவை. ஒரே கண்மாய், ஒரே கழுங்கு.

சிவகங்கைப் பக்கம் கண்மாய்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கும். மேலக் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும். அது தாண்டிப் போகும் இடம் புத்தகத்தில் கலிங்கு, பிள்ளைகள் வாயில் கழுங்கு. கரும்பலகையிலும் கழுங்கு என்றே எழுதினேன்.

அன்றைய பாடம் நீரின் அழுத்தம். இதற்கு அணைக்கட்டைத்தான் வழக்கமாக உதாரணம் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் அணையைப் பார்த்ததில்லை. ஆனால் தினமும் கண்மாய்க் கரைமேல் நடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். “உங்க கண்மாயை வரைஞ்சு காட்டுங்க” என்று மட்டும் சொன்னேன்.

பழைய கழுங்குகளின் மேல் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். மழை வலுத்த நாளில் அவற்றின் இடுக்குகள் திறந்து கிடக்கும். வெள்ளம் தடையில்லாமல் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் கரை உடையும். மழை ஓயும் சமயம் பார்த்து, மண்ணும் புல்லுமாக இடுக்கை அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள். எப்போது அடைப்பது, எவ்வளவு உயரம் அடைப்பது என்பதில்தான் மேல ஊருக்கும் கீழ ஊருக்கும் மனத்தாங்கல்.

மேல ஊர்ப் பையன் வரைந்த கழுங்கில் இடுக்கே இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பென்சிலை அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறான். அந்த இடத்தில் தாள் பளபளக்கிறது. பின்பக்கம் தடவினால் விரலில் மேடு தட்டுகிறது. கீழ ஊர்ப் பெண் கற்களை மெலிந்த கோடுகளாகத்தான் போட்டிருக்கிறாள். அவள் கை நின்று நிதானித்தது இடுக்குகளில். ஒவ்வொன்றிலும் மூன்று சிறு அம்புக்குறிகள். கடைசி அம்பு மட்டும் லேசாக வளைந்து, தாளின் ஓரத்தில் அவள் வரைந்த ஓட்டு வீட்டைப் பார்த்துத் திரும்புகிறது. எத்தனை முறை பார்த்தாலும் என் கண் போய் நிற்பது அந்த வளைவில்தான். “ஏம்மா, இடுக்கை மட்டும் இவ்வளவு பெருசா வரைஞ்சிருக்க?” என்றேன். “அந்த இடுக்குதான் டீச்சர் எங்க ஊருக்கு ஆறு” என்றாள்.

வகுப்பு ஒரு கணம் அமைதியானது. யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. நான் அந்த ஊருக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கணக்குப் போடச் சொன்னேன்.

3 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 29,400 பாஸ்கல். “பெரிய கண்மாய்னா தண்ணி நெறைய இருக்குமே டீச்சர், கரையை இன்னும் கூடத் தள்ளாதா?” என்றான் பையன். பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். கண்மாய் எவ்வளவு பரந்திருந்தாலும் சரி, ஓரிடத்தில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அங்குள்ள ஆழம். ஒரு சாண் அடைத்தால், அதாவது 20 செ.மீ. உயர்ந்தால், கூடுவது 1,960 பாஸ்கல். முன்பிருந்ததில் பதினைந்தில் ஒரு பங்குதான். அவன் முகம் மலர்ந்தது.

பிறகு கொள்ளளவு. நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு சாணில் தேங்கும் தண்ணீர் 8 கோடி லிட்டர். சுழியங்களை எண்ணிக்கொண்டே வந்தவன், கடைசிச் சுழியத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மணியடிக்கும் நேரத்தில் அவள் எழுந்தாள்.

“ஒரு சாணுன்னா யாரு சாண் டீச்சர்?”

இரண்டு பேரையும் மேசைக்கு வரச் சொல்லிக் கையை விரிக்கச் சொன்னேன். அவன் கட்டைவிரலும் அவள் கட்டைவிரலும் ஒரே கோட்டில். சுண்டுவிரல் நுனிகளுக்கு நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. “அப்ப டேப்பு எடுத்துட்டுப் போய் அளக்கணும்” என்றான் அவன்.