ஊரில் தங்கும் மருத்துவருக்கு என்ன தருகிறோம்?

தமிழ்நாட்டில் மருத்துவர் பற்றாக்குறை என்றால் வெளிமாநிலத்தவர் நம்ப மாட்டார்கள். இங்கே 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 புதிய கல்லூரிகள் 1,450 இடங்களோடு திறக்கப்பட்டன. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டால் காலியிடங்களைப் போல் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்து சேர்கின்றன. இத்தனைக்குப் பிறகும் ஒரு கிராமத்துக் குடும்பத்திடம் "உங்க டாக்டர் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்வார்கள். ஆளின் பெயரைச் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டுவலி, பேரனுக்கு இழுப்பு என்று ஒரு வீட்டையே தெரிந்து வைத்திருக்கும் பொது மருத்துவர்தான் நம்மிடம் அருகிப் போனவர்.

கிராமத்துக்கு மருத்துவரைக் கொண்டுவர நம் மாநிலம் பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கும் வழி 'சர்வீஸ் கோட்டா'. எம்.பி.பி.எஸ். முடித்து அரசுப் பணியில் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தவர்களுக்கு, மாநிலத்துக்கு உரிய முதுநிலை மருத்துவ இடங்களில் பாதி ஒதுக்கப்படுகிறது. படிக்கும் காலத்திலும் சம்பளம் உண்டு. கிராமத்தில் வேலை பார், பி.ஜி. இடம் தருகிறோம் என்பதே இதன் சாரம். நல்ல ஏற்பாடு இது. இதனால் விளைந்த கேடும் உண்டு. முதலில் நன்மையைப் பார்த்துவிடுவோம், அதை மறந்து பேசுகிறவர்கள் அதிகம் என்பதால்.

வட மாநிலங்கள் பலவற்றில் ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடம் இருக்கும், மருத்துவர் இருக்க மாட்டார். நம்மிடம் அந்த நிலை பரவலாக இல்லாததற்கு இந்த ஒதுக்கீடு ஒரு பெரிய காரணம். யாரையும் கட்டாயப்படுத்தாமல் இளம் மருத்துவர்களைத் தாமாகவே ஜவ்வாது மலைக்கும் கொல்லிமலைக்கும் விண்ணப்பிக்க வைத்தது இது. தனியார் கல்லூரியில் பல லட்சம் கட்டிப் படிக்க வழியில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நூற்றுக்கணக்கானோர் இந்த வழியாகத்தான் அறுவை சிகிச்சை நிபுணரானார்கள், மகப்பேறு மருத்துவரானார்கள். படித்து முடித்தவர்கள் அரசுப் பணிக்கே திரும்பினார்கள். தாலுகா மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு ஒரு கர்ப்பிணிக்குச் சிசேரியன் நடக்க வேண்டுமென்றால் மகப்பேறு மருத்துவரும் வேண்டும், மயக்கவியல் மருத்துவரும் வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அந்த எண்ணுக்குப் பின்னால் செவிலியர்களும் 108 வண்டியும் நிற்பதைப் போலவே சர்வீஸ் கோட்டாவில் படித்துத் திரும்பிய நிபுணர்களும் நிற்கிறார்கள்.

இதைப் பறித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதி, முதுநிலைப் பட்டப் படிப்பில் தனி ஒதுக்கீட்டுக்கு இடம் தரவில்லை. தொலைதூர, கடினமான பகுதிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், அதிகபட்சம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் தரலாம் என்பதோடு அது நிறுத்திக்கொண்டது. 2016இல் உத்தரப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை உறுதி செய்ததும் தமிழ்நாட்டின் 50 சதவீதம் கேள்விக்குள்ளானது. 2017இல் அரசு மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். எந்த ஊர் தொலைதூரம், எந்த ஊர் கடினம் என்ற சண்டையும் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2020 ஆகஸ்ட் 31 அன்று அரசியல் சாசன அமர்வு, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. மாநில உரிமைக்குக் கிடைத்த வெற்றி அது. கொண்டாடியதில் தவறில்லை.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. இப்படிப் படிப்பவர்கள் பட்டம் பெற்ற பின் குறைந்தது ஐந்தாண்டு கிராமப்புற, மலை, பழங்குடிப் பகுதிகளில் பணியாற்ற வேண்டும், அதற்குப் பத்திரம் எழுதி வாங்குங்கள் என்று மாநிலங்களுக்கு நீதிபதிகள் சொன்னார்கள். நோக்கம் உயர்ந்தது. ஆனால் கதிரியக்கவியல் படித்தவரை ஸ்கேன் கருவி இல்லாத ஊரில் உட்கார வைத்து என்ன செய்வது? இதய சிகிச்சையை நோக்கிப் போகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வந்து என்ன பார்ப்பார்? சர்வீஸ் கோட்டாவின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் தெரிகிறது. கிராமத்தில் வேலை பார்த்ததற்குப் பரிசாகக் கிராமத்தை விட்டுப் போகும் வழியைத் தருகிறோம்.

இதற்கு நம் நிர்வாக அமைப்பும் துணை போகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகள் இன்னொரு இயக்குநரகத்தின் கீழ், மருத்துவக் கல்லூரிகள் மூன்றாவது இயக்குநரகத்தின் கீழ். பி.ஜி. முடித்தவர் கலந்தாய்வில் இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ போய்விடுகிறார். முதலாவதில் இருப்பவர் புறப்படும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஊருக்கு அவர் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் மாதிரி. நிற்பது உண்மை, மனம் அடுத்த வண்டியில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓ.பி. முடிந்ததும் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து நீட் பி.ஜி. செயலியில் கேள்வி போட்டுப் பார்க்கிறார் என்றால், எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிட்டவருக்குச் சம்பளத்திலும் மரியாதையிலும், கல்யாணச் சந்தையிலும்கூட, என்ன மதிப்பு என்று நாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தேர்வின் 200 கொள்குறி வினாக்களில் வெற்றி பெற, இன்று காலை ஓ.பி.க்கு வந்த முனியம்மாவுக்கு மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று யோசித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நோட்டு போதும். எங்கள் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் தவறாமல் போகும் ஒரு மூதாட்டியின் சர்க்கரை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தேதி இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, சாப்பிட்ட பின் எடுத்த சர்க்கரை அளவு இருக்கிறது. அளவு 240, 260, மறுபடியும் 250க்கு மேல். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'சி.எஸ்.டி.', அதாவது அதே சிகிச்சையைத் தொடரவும். அதே மெட்ஃபார்மின், அதே அம்லோடிபின். கையெழுத்து மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. எழுதிய யாரும் அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது. காலையில் நான்கு மணி நேரத்தில் நூறு பேரைப் பார்ப்பவருக்கு ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. முன்பின் தெரியாத நோயாளியின் மருந்தை மாற்றினால் அடுத்த மாதம் அதன் விளைவைப் பார்க்க தான் அங்கே இருப்போமா என்பது நிச்சயமில்லை. அப்போது பாதுகாப்பான முடிவு அதே மாத்திரையைத் தொடர்வதுதான். அந்த அம்மாவின் பாதத்தில் மரத்துப்போன இடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த குறிப்பு அந்த நோட்டில் ஒரு பக்கத்திலும் இல்லை.

மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பதால் உண்மையில் நஷ்டமா, அல்லது இது பழங்கால ஏக்கமா என்று கேட்கலாம். நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். முந்தையவர்களிடம் அவசரமாக மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 30 சதவீதமும், இறப்பு ஏறத்தாழ 25 சதவீதமும் குறைவாக இருந்தது. பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு காரணத்தை முழுதாக நிரூபித்துவிடாது என்பது சரிதான். ஆனாலும் ஆண்டுகள் கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடியதை ஒதுக்கித் தள்ள முடியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட மாநிலம் இது. இரண்டுமே ஒரு நாளில் பார்த்து அனுப்பும் நோய்கள் இல்லை, இருபது ஆண்டு கூட வருபவை.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது. கூலி வேலையை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டிய கொடுமையை அது குறைத்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாத்திரை கொண்டு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதை முடிவு செய்ய வேண்டிய மருத்துவர் அன்று முகாமில் இருப்பார், அல்லது மாவட்டத் தலைநகரில் ஆய்வுக் கூட்டத்தில் இருப்பார், அல்லது இணையத்தில் ஏற்ற வேண்டிய படிவங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். புதிய திட்டம் ஒன்று வரும்போதெல்லாம் அதன் வேலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் அதே ஒன்றிரண்டு மருத்துவர்களின் தலையில்தான் விழுகிறது.

சென்னை வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த திருவேங்கடம் வீரராகவன் 2020இல் காலமானபோது ஊரே அழுதது. தன் பகுதி மக்களோடு பல பத்தாண்டுகள் இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர்களைத் தெய்வமாக்கிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஒரு மாநிலத்தின் மருத்துவ ஏற்பாடு தியாகிகள் கிடைப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில் நிற்கக் கூடாது. சாதாரண மனிதர், பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுக் கடனையும் யோசிக்கும் மனிதர், அவரும் ஓரிடத்தில் பதினைந்து ஆண்டு இருக்க விரும்ப வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் அரசின் வேலை.

இது புதிய யோசனையும் அல்ல. 1920களில் சென்னை மாகாண அரசு, கிராமத்தில் குடியேறி மருத்துவம் பார்ப்பவர்களுக்கு உதவித்தொகை தந்தது. ஏழைகளுக்கு இலவசமாகப் பாருங்கள், மற்றவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. தங்குவதற்குத்தான் அங்கே பணம், தாண்டிப் போவதற்கு அல்ல. தாய்லாந்து 1990களின் நடுவிலிருந்து கிராமப்புற மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஊருக்கு அருகிலுள்ள மாகாண மருத்துவமனைகளிலேயே பயிற்சி தந்து, சொந்தப் பகுதிக்கே அனுப்பி வருகிறது. நம்மிடமும் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் வந்தவர்கள் மருத்துவர்களாக வெளிவரத் தொடங்கிவிட்டார்கள். கிராமத்தை அறிந்த இந்தப் பிள்ளைகளுக்கும் வெற்றி என்றால் நகரத்து நிபுணராவது மட்டும்தான் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறோமா?

குடும்ப மருத்துவம் தனித்துறையாக இந்தியாவில் இருக்கவே செய்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி அதில் எம்.டி. தொடங்கியது. வேலூர் சி.எம்.சி., பணியில் இருக்கும் மருத்துவர்களுக்காகத் தொலைநிலையில் குடும்ப மருத்துவப் பட்டயம் நடத்துகிறது. மேலே அனுப்புவதைக் குறைத்து, தன்னிடத்திலேயே தீர்த்து வைப்பதே அந்தப் படிப்பின் குறிக்கோள். 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் இத்துறையை ஊக்குவிக்கச் சொல்கிறது. பட்டத்தை வைத்தால் மட்டும் யாரும் வந்து சேரமாட்டார்கள் என்ற எதிர்வாதம் நியாயமானது. எம்.டி. குடும்ப மருத்துவம் படித்தவருக்குப் பொது மருத்துவ நிபுணருக்கு இணையான சம்பளமும் பதவி உயர்வும் வேண்டும், அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே. இன்று அங்கே மேலே போக வேண்டுமென்றால் நோயாளியை விட்டுவிட்டு நிர்வாகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே சர்வீஸ் கோட்டாவைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கைவிட்டால் தாலுகா மருத்துவமனைகள்தான் முதலில் காலியாகும். அதன் ஒரு பங்கைக் குடும்ப மருத்துவத்துக்குத் திருப்ப வேண்டும். பயிற்சி தாலுகா மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்க வேண்டும். மலைப்பகுதியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று கணக்குப் பார்ப்பதோடு, ஒரே இடத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதற்கும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் படி தர வேண்டும். இவற்றில் ஒன்றுகூட முடியாவிட்டாலும், படிவம் நிரப்ப ஓர் ஆளைக் கொடுங்கள். ஓ.பி. நேரத்தில் முகாமுக்கும் கூட்டத்துக்கும் இழுக்காதீர்கள். அதற்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் அனுமதி தேவையில்லை, சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிராம சபையில் நாம் வழக்கமாகப் புதுக் கட்டடம் கேட்கிறோம், ஸ்கேன் கருவி கேட்கிறோம், நிலையத்தைத் தரம் உயர்த்தச் சொல்கிறோம். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதிருக்கும் மருத்துவர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், அவருக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.