ஐபிஸுக்கு நம்ம ஊரில் என்ன பேர்?

சங்கரன்கோவில் பக்கம் இளையரசனேந்தலுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கரீபியன் தீவான டிரினிடாட், அதில் கரோனி சதுப்பு நிலம். சாயங்கால வெளிச்சத்தில் ரத்தச் சிவப்பில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் அடைகின்றன. கொஞ்ச நேரத்தில் பச்சை மரமெல்லாம் சிவந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பையன் விளக்கம் சொன்னான்: "அது ஸ்கார்லெட் ஐபிஸ், மாமா. நண்டு, இறால் நிறையத் தின்னுதுல்ல, அதுல இருக்கிற நிறமிதான் இந்தச் சிவப்பு." அசந்துவிட்டேன்.

வாசலுக்கு வந்தால் மின்கம்பியில் பழுப்பாக ஒரு பறவை. அது என்ன என்று அவனிடமே கேட்டேன். "ஏதோ குருவி மாமா" என்றான். திண்ணையில் இருந்த ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏல, அது பனங்காடைல்லா! உக்காந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாது. பறக்கும்போது பாரு."

சொல்லி முடிக்கவில்லை, பறந்தது. சிறகெல்லாம் நீலம். டிரினிடாட் சிவப்புக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். என் புகார் அந்த நிகழ்ச்சியின் தமிழ் மேல். படப்பிடிப்பு பிரமாதம். தமிழ்க் குரல்தான் கடைசி வரை 'ஐபிஸ், ஐபிஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஐபிஸுக்குத் தமிழில் பேர் இல்லையா என்ன? அரிவாள் மூக்கன்! அந்த நீண்டு வளைந்த அலகைப் பார்த்த யாரோ ஒருவர் வைத்த பேர். 'சிவப்பு அரிவாள் மூக்கன்' என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். நம்ம கண்மாய்ச் சேற்றைக் கிளறும் வெள்ளை அரிவாள் மூக்கன் அதற்குப் பங்காளி முறை என்று பையனுக்குப் புரிந்திருக்கும். அவன் ஊர்ப் பேரிலேயே ஏந்தல் இருக்கிறது. ஏந்தல் என்றால் மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் நீர்நிலை. டி.வி.யை அணைத்துவிட்டு அங்கே போய்த் தேடியிருப்பான்.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒருவர் எப்போதோ எழுதிக் காட்டிவிட்டார். மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். தீவுக்குப் போக வேண்டாம், டிக்கெட் வேண்டாம். தினம் பார்க்கிற பிராணிகளையும் பறவைகளையும் நின்று நிதானமாகப் பார்க்கிறார். உபதேசம் இல்லை. பார்த்தது மட்டும்தான், அதுவும் நம்ம தமிழில்.

குறையும் உண்டு. ருசியாகப் படிக்கலாமே தவிர, கையில் வைத்துக்கொண்டு பறவையை அடையாளம் காண்கிற கையேடு இல்லை அது. இன்னொன்று, பி.காம். படித்த புத்திக்குத் தோன்றுகிற வரவு செலவு. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு 1950-லிருந்து 1996-ல் சாகிற வரை ஆங்கிலத்தில் பத்தி எழுதினார். 46 வருஷம்! தமிழுக்குக் கிடைத்ததோ கொஞ்சம். நஷ்டக் கணக்கு அவர் பேரில் இல்லை, விடாமல் கேட்டு வாங்காத நம் பேரில்.

பேரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இளையரசனேந்தலுக்குப் பக்கத்தில்தான் கழுகுமலை. பேரில் கழுகு இருக்கிறது. ஆனால் பாறு கழுகைப் பார்க்க இன்று நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் நாடு முழுக்க முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டன. காணாமல் போனது தெரிவதற்கே முதலில் பேர் தெரிந்திருக்க வேண்டும். 'ஏதோ குருவி' நாளைக்கு இல்லாமல் போனால் யார் தேடப் போகிறார்கள்?

டி.வி. பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கரோனி சதுப்பு நிலம் நிஜமாகவே அழகு. ஆனால் பக்கத்தில் ஒரு ஆச்சி இருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேர்?" என்று கேளுங்கள். பதில் வந்தால், மறக்காமல் எழுதி வையுங்கள்.