தலை குனியும் வண்டி

என்ஜினில் குறையில்லை, மைலேஜும் கம்பெனி சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. 150 சிசி வண்டிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த மற்ற விஷயங்களையும் விட்டுவிடுகிறேன். என் வண்டியில் எனக்கு ஒரே ஒரு வழக்குதான்: முன் ஷாக்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் ஓட்டியவர்களுக்குப் புரியும். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் போட்ட தார் ரோடு குழி விழாத இடத்திலும் அலை அலையாக நெளிந்து கிடக்கும். அந்த அலையில் என் வண்டியின் முன்பக்கம் ஆடிக்கொண்டே போகிறது. பிரேக் பிடித்தால் தலை குப்புறக் குனிகிறது. ‘சரி, ஷாக் ரொம்ப மெத்து’ என்று முடிவுகட்டும்போதே ஒரு வேகத்தடை வரும். ‘டொக்’ என்று மணிக்கட்டில் இடிக்கும். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் இறுகுகிறது, இறுக வேண்டிய இடத்தில் மெத்தென்று போகிறது.

“யு.எஸ்.டி. போட்டுருவோம் அண்ணாச்சி, வண்டி கெத்தா இருக்கும்” என்றார் மெக்கானிக் தம்பி. யு.எஸ்.டி. என்றால் தலைகீழாகப் பொருத்திய முன் ஷாக், அதாவது ஃபோர்க். கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் குழாயை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. மேலே ஃபோர்க்கைப் பிடிக்கும் டி, கீழே ஆக்சில், பிரேக் காலிப்பர், ஏ.பி.எஸ். சென்சார் எல்லாம் கூடவே மாறும். நீளம் கொஞ்சம் பிசகினாலும் ஹேண்டில் திரும்பும் குணமே மாறிவிடும். வீல்பேஸும் நகரும், அது ஆர்.சி.யில் பதிவாகும் விவரம். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை யாரும் படிப்பதில்லை, இன்சூரன்ஸ்காரர் மட்டும் படிப்பார். இன்னொன்று: யு.எஸ்.டி.யில் ஆயில் சீல் சக்கரத்துக்குப் பக்கத்தில், கீழே இருக்கிறது. நம் ஊர்த் தூசி சீலை அறுத்துவிட்டால் எண்ணெய் நேரே பிரேக்கில் வடியும். ரேஸ் டிராக்கில் அதன் விறைப்புக்கு மதிப்பு உண்டு. பூ மார்க்கெட்டுக்குப் போய் வர எனக்கு எதற்கு?

என் வண்டி விலையில் வரும் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது டேம்பர் ராட் ஃபோர்க். ஊசி மருந்துக் குழல் மாதிரிதான்: சிறு ஓட்டைகள் வழியே எண்ணெய் பிதுங்கிப் போக வேண்டும். மெதுவாக அமுக்கினால் சிரமமில்லாமல் போகும். பிரேக் பிடிக்கும்போது தலை குனிவது அதனால்தான். அமுக்கும் வேகம் இரு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்கு. வேகத்தடையில் இடிப்பது அதனால். 1935இல் பி.எம்.டபிள்யூ. ஆர்12 எண்ணெய் நிரப்பிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு வந்தது. நாம் இன்னும் அந்த வம்சத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

காசை எடுப்பதற்கு முன் சும்மா ஒரு கேபிள் டையை ஃபோர்க் குழாயில் கட்டி, ஏறி உட்கார்ந்து பார்த்தேன். 130 மி.மீ. ஓட்டத்தில் 55 மி.மீ. அப்போதே போயிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பிறகு எண்ணெயை வடிக்கச் சொன்னேன். அழுக்குச் சாம்பல் நிறம், அடியில் மினுமினுக்கும் அலுமினியத் தூள், அழுகிய மீன் நாற்றம். அளவும் குறைவு. சர்வீஸ் பில்லில் டெஃப்ளான் கோட்டிங் தவறாமல் வரும், செயின் கிளீனிங் வரும், வாட்டர் வாஷ் வரும். ஃபோர்க் ஆயில் என்ற வரியை ஒரு பில்லிலும் நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் தீராத எரிச்சல்.

“கெட்டி எண்ணெய் ஊத்துங்க” என்பார்கள். ஊற்றினால் தலை குனிவது குறையும், மணிக்கட்டு வலி கூடும். நான் கையேட்டில் சொன்ன கிரேடையே ஊற்றி, மட்டத்தை மட்டும் 10 மி.மீ. உயர்த்தினேன். சீல் புதுசு. ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு பி.வி.சி. பைப் துண்டு; இதனால் ஸ்பிரிங் இறுகாது, உட்காரும் உயரம் மட்டும் சரியாகும். ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டையும் இறுக்கினோம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் ‘கடக்’ என்றால் தப்பு அங்கேதான்.

இப்போது அலையில் ஆட்டம் நின்றுவிட்டது, பிரேக்கில் குனிவது பாதியாகிவிட்டது. ‘டொக்’ மட்டும் லேசாக மிச்சம். அதற்கு மருந்து எமுலேட்டர் என்ற வால்வு. ஓங்கி இடிக்கும்போது தானே திறந்து எண்ணெய்க்கு வழிவிடும். இங்கே கேட்டேன், கிடைக்கவில்லை. டி.வி.எஸ். 2021இல் அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு முழுக்கச் சரிசெய்துகொள்ளக்கூடிய சஸ்பென்ஷனை 12,000 ரூபாய் கிட்டாகக் கொடுத்தது. ஓசூர்க்காரர்கள் அந்தப் புத்தியைச் சின்ன வண்டிக்கும் இறக்கினால் முதல் ஆளாக வாங்குவேன்.

அதுவரை என் தீர்ப்பு: ஃபோர்க்கை மாற்ற வேண்டாம். 30,000 கிலோமீட்டர் தாண்டியும் ஃபோர்க் ஆயில் மாற்றாத வண்டி உங்களுடையது என்றால், யு.எஸ்.டி. விலையை விசாரிக்கும் முன் ஆயிலை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.