விடுகைப் பத்திரத்தில் எழுதாத கணக்கு

சாதாரண தரப் பெறுபேறு வெளியான சில வாரங்களில் மருதானை ரயில் நிலையத்துக்கு விடியற்காலையில் போனால் அவர்களைப் பார்க்கலாம். பதுளையிலிருந்து வரும் இரவுத் தபால் ரயிலில் இருந்து பெட்டியோடு தகப்பன் இறங்குவார். பின்னால் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்தபடி பதினாறு வயதுப் பிள்ளை. தகப்பனின் கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், நற்சான்றிதழ், விடுகைப் பத்திரம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போடிங் பேசியாகிவிட்டது. இனி, பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்புக்கு நேர்முகம்.

அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு பாராட்டு விழா. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இந்த மாறுதலை மனம் உருகப் புகழ்ந்து பேசினார். ஏழைப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஏணி இதுதான், இதைக் குறை சொல்கிறவர்கள் ஏற்கெனவே ஏறி முடித்தவர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. என்னால் முடியவில்லை. இருபது வருடமாக என் நெஞ்சில் கிடக்கும் மறுப்பை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்துகொண்டு மருத்துவம் படி என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்ல முடியாது. கொழும்பில் நூலகம் இருக்கிறது, ஆங்கிலம் காதில் விழுகிறது, தன்னைவிடக் கெட்டிக்காரர் பக்கத்தில் உட்காருகிறார். பெற்றோர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. தன் பிள்ளைக்கு நல்லது தேடுவது தாய் தகப்பனின் கடமை.

ஆனால் ஏணி என்ற சொல்லை ஏற்க மாட்டேன். 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா மத்திய மகா வித்தியாலயங்களைக் கிராமப்புறங்களில் கட்டியபோது, புலமைப்பரிசில் பெற்ற பிள்ளை தன் பிரதேசத்திலேயே நல்ல பாடசாலைக்குப் போனது. வந்தாறுமூலையில் அப்படி எழுந்த கல்லூரியின் வளாகத்தில்தான் பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகமே வந்தது. பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கல்லூரி போனது. இன்று கல்லூரி இருக்கும் இடத்துக்குப் பிள்ளை போகிறது. இரண்டையும் இலவசக் கல்வி என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம்.

பெயர்பெற்ற கல்லூரியின் பெறுபேறு எவ்வளவு தூரம் அந்தக் கல்லூரி கொடுத்தது என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். அப்துல்காதிரோக்லு, அங்ரிஸ்ட், பத்தக் என்ற மூன்று பொருளியலாளர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் பாடசாலைகளை எடுத்து, வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பிந்திய பரீட்சைகளில் இரு பகுதியினருக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம் நாட்டில் தவறவிட்ட பிள்ளைக்குக் கிடைப்பது ஆசிரியரே இல்லாத வகுப்பாகவும் இருக்கலாம். ஆகவே அதை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். என்றாலும் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு மூன்று ஏ வந்ததும் பதாகை கட்டுவது கற்பித்தலுக்குச் சான்று ஆகாது.

மாறிப்போகும் பிள்ளைக்கே இதில் ஓர் இழப்பு உண்டு. அதைப் பல பெற்றோர் பிந்தித்தான் அறிகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் கூடுதலான காலம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கழிந்ததோ அதுவே பிள்ளையின் மாவட்டம். கொழும்பில் இரண்டு வருடம் படித்த பிள்ளை, கொழும்புப் பிள்ளைகளோடு கொழும்பின் வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். ஊரில் பொறியியல் பீடத்துக்குப் போதுமாக இருந்த அதே இசட் புள்ளி இங்கே போதாமல் போகலாம்.

இவை எல்லாம் சின்ன விஷயங்கள். என் மறுப்பு மாறிப்போகிற பிள்ளையைப் பற்றியதே அல்ல.

நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் நான் ஆறு வருடம் பௌதிகவியல் கற்பித்தேன். ஒரு வருடம் உயர்தர கணித, விஞ்ஞானப் பிரிவுக்குப் பதினொரு பிள்ளைகள் தகுதி பெற்றார்கள். அந்தப் பாடசாலையின் சரித்திரத்தில் அதுதான் பெரிய தொகை. வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரத்தில் முதல் விடுகைப் பத்திரம் போனது. மாத முடிவில் நான்காவது. வரவு இடாப்பில் அடிமட்டத்தை வைத்து அந்த நான்கு பெயர்களையும் சிவப்பு மையால் வெட்டியது நான்தான். நான்கும் இடாப்பின் மேற்பகுதியில் இருந்த பெயர்கள். கரும்பலகைக்கு எழுந்து வந்து கணக்குப் போட்டவர்கள், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், நான் தவறாக எழுதினால் "சேர், அது சைபர்" என்று திருத்தியவர்கள். மிஞ்சிய ஏழு பேரும் மக்குகள் அல்ல. ஆனால் அன்றிலிருந்து அந்த வகுப்பில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

அடுத்தது ஆளணி. ஏழு பிள்ளைகளுக்கு இணைந்த கணித ஆசிரியர் ஒருவர் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். அவர் மேலதிக ஆசிரியராகக் கணக்கிடப்பட்டு நகரத்துப் பாடசாலைக்கு மாற்றப்பட்டார். கணித ஆசிரியர் போனதும் இன்னும் மூன்று பேர் வர்த்தகப் பிரிவுக்குப் போனார்கள். மறு வருடம் சாதாரண தரத்தில் நன்றாகச் செய்தவர்கள், இங்கே விஞ்ஞானம் இல்லை என்று விண்ணப்பமே போடாமல் ரயில் ஏறினார்கள். ஊரில் ஆசிரியர் இல்லை, அதனால்தான் பிள்ளை போகிறது என்று விழா மேடையில் சொன்னாரே அந்த அதிபர்? பிள்ளை போனதால் ஆசிரியர் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

நாட்டில் இருக்கும் 10,000 வரையான அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் உள்ள 1ஏபி பாடசாலைகள் சுமார் 1,000 மட்டுமே. ஒன்று 1சி ஆகிக் கலையும் வர்த்தகமும் மட்டும் மிஞ்சும்போது பத்திரிகையில் ஒரு வரி வராது. ஆய்வுகூடத்தின் திறப்பு அதிபரின் மேசைக்குப் போகும். எங்கள் ஆய்வுகூடத்தில் இலவசப் பாடநூல் கட்டுகளை அடுக்கினார்கள். அளவிகள் அலுமாரிக்குள்ளேயே இருந்தன. மிஞ்சியவர்களில் ஒரு பிள்ளைக்கு இரசாயனவியல் என்றால் உயிர். தாய் கொழுந்து பறிக்கிறார். கொழும்பில் போடிங் காசு கட்ட வழியில்லை. அவள் கலைப் பிரிவுக்கு மாறிப் புவியியல் படித்தாள். ஏணி ஏழைப் பிள்ளைக்கு என்கிறார்கள். அந்த வகுப்பிலேயே மிக ஏழையான பிள்ளைக்கு இருந்த ஒரே படியை உருவியது இந்த ஏணிதான்.

ஆகவே இந்தக் கல்லூரிகள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிடுகின்றன என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பதினொரு வருடம் வேறொருவர் நீர் ஊற்றிய மரத்தில் அவை காய் பறிக்கின்றன. இது கடுமையான பேச்சு என்று தெரியும். அந்தக் கல்லூரிகளில் மனசாட்சியோடு கற்பிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

மாறுதலைத் தடுக்கச் சட்டம் கேட்கவில்லை. ஏழு பிள்ளைகள் இருந்தாலும் விஞ்ஞான ஆசிரியரை எடுக்காதீர்கள் என்று கேட்கிறேன். எண்ணிக்கையை வைத்து ஆளணி வெட்டும் கணக்கு மலையகத்தில் இரண்டு வருடமாவது நிற்கட்டும். அடுத்த பெறுபேறு வந்து காலி வீதி நெடுகப் பதாகை ஏறும்போது, மூன்று ஏ எடுத்த பிள்ளையின் படத்துக்குக் கீழே, பதினோராம் தரம்வரை அந்தப் பிள்ளை படித்த பாடசாலையின் பெயரையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.