தேயிலைப் பூவை யார் வரைவது?

இலங்கை மலையகத்து எல்ல ஊரின் கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொங்கும் ஓவியங்களில் ரோஜாவும் டேலியாவும் நிறைய. எல்லாம் பங்களாத் தோட்டத்துப் பூக்கள். தேயிலைப் பூவை நான் ஒன்றிலும் கண்டதில்லை. வெள்ளை இதழ்கள், நடுவே அடர்ந்த மஞ்சள் கேசரங்கள், இலைக்கடியில் கவிழ்ந்த முகம். வாராவாரம் கொழுந்து கிள்ளி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்தும் வெட்டும் மலையில் அது பூக்க இடம் ஏது? கவனிப்பு விட்டுப்போன மலையில்தான் நிறையப் பூக்கிறது.

அந்த வெள்ளைக்கு எண்ணெய் வண்ணமே பொருத்தம் என்று நினைக்கிறேன். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாள்தான். எண்ணெயிலோ வெள்ளைக்கே ஓர் உடம்பு உண்டு. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல இறுகுகிறது. அதுவரை இதழின் மடிப்பில் இலைப்பச்சையின் சாயலை ஈரத்தோடு ஈரமாகக் குழைக்கலாம். இறுகிய பிறகு மேலே மெல்லிய படலம் பூசினால் ஒளி உள்ளே போய்த் திரும்பும்.

ஆனால் பூ காத்திருக்காது. ஒரு மார்கழியில் தேயிலைக் கிளையொன்றை டம்ளரில் வைத்து வரைந்தேன். மழை விடவில்லை. மறுநாள் காலை இதழ்கள் மேசையில் கிடந்தன, கித்தானில் வண்ணம் ஈரமாகவே இருந்தது. புகைப்படத்தைப் பார்த்து முடித்தேன். அந்த வெள்ளை சுண்ணாம்பாகிவிட்டது. எங்கள் ஊவாப் பகுதித் தேயிலைக்கு மணம் தரும் ஆடி, ஆவணி உலர்காற்றில் வண்ணம் சீக்கிரம் இறுகும். கூடவே புழுதியும் ஒட்டும். டச்சு ஓவியர் யான் வான் ஹைசம், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஓவியத்தை முடிக்க முடியவில்லை என்று 1742இல் கடிதம் எழுதினார். நான் செய்யத் தவறியது அந்தக் காத்திருப்பைத்தான்.

இதைவிடப் பெரிய குறை வேறு. அசையாப் பொருள் ஓவியம் எதையும் அதன் மண்ணிலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வில்லம் ஹேடாவின் மேசைகளில் காகிதச் சுருளில் மிளகு இருக்கும். வெள்ளிப் பாத்திரத்தின் பளபளப்பில் கண் நிலைத்துவிடும். அந்த மிளகைப் பறித்த கை படத்தில் இல்லை.

ஆங்கில ஓவியர் மரியான் நார்த் இதற்கு மாற்று வழி காட்டினார். 1876-77இல் இலங்கையிலும், அடுத்து இந்தியாவிலும் பயணம் செய்து, செடிகளை அவை வளர்ந்த இடத்தோடு சேர்த்துத் தாளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய கூடத்தில் 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இடைவெளியின்றிச் சுவரை நிறைக்கின்றன. வேகம் அவர் பலம், அதுவே பலவீனமும்: நிறங்கள் முரட்டுத்தனமாக மோதுகின்றன, இதழின் மென்மை பல இடங்களில் தப்பிவிடுகிறது. ஆனாலும் பூவுக்குப் பின்னால் மலை நிற்கிறது. அந்த மலையில் உழைப்பவர்கள் அவர் படங்களில் அரிது. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

அதை நிரப்ப, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜன்னலோரம், கொழுந்துக் கூடை, பூத்த கிளை, சாறு கறுப்பேறிய விரல்கள் என்று ஒரு சிறு கித்தான் போதும். முதல் நாளில் பூவை மட்டும் ஈரத்திலேயே முடித்துவிட வேண்டும். தடித்த தேயிலை இலை சில நாள் தாங்கும். விரல்களுக்குச் சொந்தக்காரியிடம் எப்போது ஓய்வு என்று கேட்டு, அன்றைக்கு உட்கார வேண்டும்.